நாலாவது குழாய்

யாரு சொன்னா உங்ககிட்ட?

கோபப்படலம்மா, சும்மா கேக்கேன். இந்த டாக்டர் பல்லுக்குள்ள ஊசியை ஒடிச்சு விட்டுட்டு மேல பூசி மூடிருவான்னு உங்ககிட்ட யாரு சொன்னா? எதுத்த வீட்டுக்காரியா? அவளுக்கு யாரு சொன்னாளாம்? தெரியாதா. சரி. ‘தெரியாது டீச்சர்.’ இந்த ஒரு பதிலை நான் முப்பத்தோரு வருஷம் கேட்டிருக்கேன். யாரு குழாயைத் திறந்து விட்டா? தெரியாது டீச்சர். யாரு பின்கேட்டு வழியா பரோட்டா வாங்கினா? தெரியாது டீச்சர். அதனால ஒருத்தி தெரியாதுங்கும்போது நான் முகத்தைப் பாக்க மாட்டேன். கால் கட்டைவிரலைப் பாப்பேன். பொய்யின்னா அது சும்மா இருக்காது.

உங்க விரல் சும்மாத்தான் இருக்கு. நீங்க பொய் சொல்லல.

கன்னத்துல இருந்து கையை எடுங்க. அமுக்க அமுக்க வலி கூடத்தான் செய்யும். மேல் பல்லா, கீழ்ப் பல்லா? மேல, கடைவாயா? அட, எனக்கும் அதேதான். எனக்கு வலது பக்கம். ரூட் கெனால் பண்ணணும்னு சொல்லிட்டாளா? பண்ணினா நிக்குமா, மறுபடி வருமான்னு கேக்குறீங்க. அதை என்கிட்ட கேட்டது நல்லதாப் போச்சு. ஒரே பல்லுக்கு ரெண்டு தடவை பண்ணினவ நான். முதல் தடவை தோத்துப் போச்சு. ஏன் தோத்துச்சுன்னு துப்புத் துலக்கினதும் நான்தான்.

என் பேரு ஜெபக்கனி. இங்க பாளையங்கோட்டையில பெண்கள் பள்ளிக்கூட ஹாஸ்டல்ல வார்டனா இருந்தேன். ரிட்டயர்டு ஆகி ஆறு வருஷம். நான் சந்தேகக்காரின்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் இல்ல. கவனமா இருப்பேன், அவ்வளவுதான். நூறு வீட்டுப் பிள்ளைகளை வச்சிருக்கவ கண்ணை மூடிட்டு இருக்க முடியுமா? இப்பக்கூட பாருங்க, அந்தச் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால ஓடுது. நம்மளை ரொம்ப நேரம் காக்க வச்சது தெரியக்கூடாதுன்னு வேணும்னே வச்சிருக்காங்களோ என்னவோ. நான் ஒண்ணும் சொல்லல.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் மாசம். பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. சூடா காப்பி குடிச்சா உயிர் போகுது. சமாதானபுரத்துல இருந்து ஆட்டோ பிடிச்சு வந்து, வழியில எந்தப் பல் டாக்டர் போர்டு முதல்ல தெரியுதோ அங்க இறங்கினேன். இதே இடம்தான். போர்டுல டாக்டர் பேச்சியம்மாள்னு போட்டிருந்தது. நம்ம பக்கம் எத்தனை பேச்சியம்மா இருக்காங்க! நான் யோசிக்கவே இல்ல. வலிக்கும்போது யோசனை ஓடாதும்மா. அது என் தப்புதான், ஒத்துக்கிடுதேன்.

உள்ள போனா, முகத்துல மாஸ்க், தலையில துணித் தொப்பி. கண்ணு மட்டும்தான் தெரியுது. படுக்க வச்சு, வாயைத் திறக்கச் சொல்லி, லைட்டை இழுத்து முகத்துக்கு நேரா வச்சா. மரத்துப்போற ஊசியையும் போட்டாச்சு. எனக்கு நாக்கு புரளல. அப்பத்தான் குனிஞ்சு மெதுவாக் கேக்கா:

“நீங்க ஜெபக்கனி வார்டன் டீச்சர்தானே?”

வாயில பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினேன்.

“நான் பேச்சி, டீச்சர். பன்னெண்டாம் கிளாஸ் பி செக்‌ஷன். சங்கரன்கோவில். அப்பா பூ மார்க்கெட்.”

மறக்குமா? அந்த ஒரு பேரை மட்டும் நான் மறக்கவே இல்ல. ஆனா கேளுங்க, அவ எப்பச் சொன்னா பாருங்க. என்னை மல்லாக்கப் படுக்கப் போட்டு, வாயை மரக்க வச்சு, கையில ஊசி மாதிரி ஒரு கம்பியை எடுத்துக்கிட்ட அப்புறம்தான் சொன்னா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? சீட்டுல என் பேரு எழுதியிருக்குல்ல? அந்த நிமிஷமே என் மனசுல விழுந்தது. இவ கணக்குத் தீர்க்கப் போறா.

என்ன கணக்குன்னு கேக்குறீங்க. சொல்லுதேன். பெருசா ஒண்ணுமில்ல.

அது பதினாலு வருஷத்துக்கு முந்தின கதை. ஹாஸ்டல்ல ஹெப்சிபான்னு ஒரு பிள்ளை, உடன்குடிக்காரி. அவளோட கம்மல் ஒத்தை காணாமப் போச்சு. தங்கம். குளிக்கப் போகும்போது சோப்பு டப்பாவுல கழட்டி வச்சாளாம், வந்து பாத்தா ஒண்ணுதான் இருக்கு. அவளுக்குப் பக்கத்துக் கட்டில் பேச்சி. பேச்சி அன்னிக்குக் காலையில ஜெபத்துக்கு வரல, காய்ச்சல்னு படுத்திருந்தா. நீங்களே சொல்லுங்க, யாரைக் கேப்பீங்க?

கேட்டேன். இல்லன்னா. மறுபடி கேட்டேன். இல்லன்னா. அவ டிரங்குப் பெட்டியை நடுக்கூடத்துக்குக் கொண்டு வரச் சொல்லிக் கவுத்தேன். எல்லாப் பிள்ளைகளும் சுத்தி நின்னாங்க. அது வேணும்னு பண்ணினதில்ல, சாப்பாட்டு மணி அடிச்ச நேரம், எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. பெட்டியில என்ன இருந்துச்சுங்கீங்க? ரெண்டு பாவாடை, ஊறுகாய் பாட்டில், பிளாஸ்டிக் பூ ஒண்ணு, மடிச்சு மடிச்சு வச்ச பழைய வேட்டித் துணி. பொம்பளைப் பிள்ளை மாசாமாசம் வச்சுக்கிடுற துணி. அது எல்லாம் தரையில விழுந்துச்சு. சில பிள்ளைக சிரிச்சாங்க. பேச்சி அழல. குனிஞ்சு ஒண்ணு ஒண்ணா எடுத்து வச்சா.

கம்மல் இல்ல.

இல்லன்னா என்ன, வேற எங்கயாவது வச்சிருப்பா. நான் அவ அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்தார். தலையில பூக்கூடை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கமா சாஞ்ச மனுஷன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பெட்டியைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு மகளைக் கூட்டிட்டுப் போயிட்டார். பரீட்சைக்கு மூணு வாரம் இருந்தது. அதுக்கப்புறம் அவ தினமும் சங்கரன்கோவில்ல இருந்து பஸ்ல வந்து பரீட்சை எழுதினான்னு கேள்விப்பட்டேன். பாஸ் பண்ணினா. நல்ல மார்க்குத்தான்.

அவ்வளவுதான் விஷயம். வார்டன்னா செய்ய வேண்டியதைச் செஞ்சேன்.

சரி, பல்லுக்கு வாரேன். ரெண்டு தடவை வரச் சொல்லி வேலையை முடிச்சா. வாய்க்கு மேல ஒரு ரப்பர் துணி மாட்டி, அந்தப் பல்லு மட்டும் வெளிய தெரியுற மாதிரி வச்சுக்கிட்டா. எதுக்குன்னு கேட்டா எச்சில் உள்ள போகக் கூடாதாம். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கேள்வி கேக்க விடாம வாயை மூடுறதுக்கு நல்ல வழின்னு நினைச்சேன். முடிச்சதும் படம் எடுத்துக் காட்டினா. பல்லு வேர்ல வெள்ளையா மூணு கோடு. “வேருக்குள்ள இருக்கிற மூணு குழாயும் சுத்தம் பண்ணி அடைச்சாச்சு டீச்சர். இப்ப மேல போட்டிருக்கிறது தற்காலிக அடைப்பு. ரெண்டு மூணு வாரத்துக்குள்ள வந்து பல்லை மூடி கேப் போட்டுக்கணும். தள்ளிப் போடாதீங்க, அது தேய்ஞ்சு வழி விட்டுச்சுன்னா திரும்பக் கிருமி உள்ள போயிரும்”னா.

நான் போகல.

ஏன் போகணும்? வலி நின்னு போச்சு. வலி நின்ன பல்லுக்கு எதுக்கு மறுபடி கூப்பிடுறா? என்னைத் திரும்பத் திரும்ப அந்த நாற்காலியில மல்லாக்கப் போடணும்னு அவளுக்கு ஆசை. அப்படித்தான் எனக்குப் பட்டது. போன் வேற வந்தது, மூணு தடவை. “டீச்சர், கேப் போடணும், மறந்துட்டீங்களா?” மூணு தடவை கூப்பிட்டா சந்தேகம் வராதா? நம்பரை பிளாக் பண்ணச் சொல்லி பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கொடுத்தேன். அப்புறம் ஓசூருக்குப் போயிட்டேன், மகன் வீட்டுக்கு. மருமகளுக்குப் பிரசவம். எட்டு மாசம் அங்கதான். மருமக நல்லா முறுக்கு சுடுவா, கடிச்சா சத்தம் தெருவுக்குக் கேக்கும். எந்தப் பக்கம் கடிச்சேன்னா? ரெண்டு பக்கமும்தான். பல்லுன்னா கடிக்கத்தானே?

ஏப்ரல் மாசம் ஊருக்கு வந்து இறங்குறேன், ஈறுல கொப்புளம். சின்னதா, கடுகு மாதிரி. அமுக்கினா உப்புக் கரிக்கிற மாதிரி ஒரு தண்ணி. மறுநாள் கன்னம் வீங்கிடுச்சு.

எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. உள்ள எதையோ விட்டுட்டா. ஊசியை ஒடிச்சு விட்டுட்டா.

இங்க வரல. வண்ணார்பேட்டையில வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். வயசானவர். அவர்கிட்ட எடுத்த எடுப்புல சொன்னேன், “உள்ள ஊசி இருக்கு, எடுத்து எழுதிக் கொடுங்க”ன்னு. அவர் படம் எடுத்தார். நெத்தியைச் சுருக்கிப் பாத்தார். “ஊசி எதுவும் இல்லம்மா. இந்த வெள்ளைக் கோடெல்லாம் அடைச்சிருக்கிற பசை. அது சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு வேரோட நுனியில கருப்பா தெரியுது பாருங்க, அங்க எலும்பு அரிச்சிருக்கு. இந்தப் பல்லுக்குப் பல பேருக்கு நாலாவதா ஒரு குழாய் இருக்கும், முடியளவு. சாதாரணமாக் கண்ணுக்குத் தெரியாது. அது விட்டுப் போயிருக்கலாம். மேல போட்ட தற்காலிக அடைப்பும் தேய்ஞ்சு ஓட்டையாக் கிடக்கு. கேப் ஏன் போடல?” அப்படின்னார்.

கடைசிக் கேள்வி என் காதுல ஏறவே இல்ல. ‘விட்டுப் போயிருக்கலாம்’ மட்டும்தான் ஏறிச்சு. விட்டுட்டா! அவர் வாயாலயே வந்துருச்சு. ஊசி இல்லன்னு சொன்னதையும் நான் நம்பல. டாக்டருக்கு டாக்டர் காட்டிக் கொடுப்பாங்களா?

அந்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு பெண்கள் கூட்டம் இருந்தது. வீங்கின கன்னத்தோட போனேன். என்னாச்சு டீச்சர், என்னாச்சு டீச்சர்னு எல்லாரும் கேக்காங்க. சொன்னேன். என்ன சொன்னேனா?

ம்.

ஊசியை ஒடிச்சு உள்ள விட்டு மேல பூசிட்டான்னு சொன்னேன்.

ஆமாம்மா. நீங்க எதுத்த வீட்டுக்காரி வாயில கேட்டது என் வாயில இருந்து கிளம்பினதுதான். நீங்க உள்ள வந்து உட்கார்ந்ததும் முதல்ல அதைத்தான் சொன்னீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஊர் சுத்திக்கிட்டு இருக்கு. எத்தனை பேருகிட்ட சொன்னேன்னு எனக்கே தெரியாது. பத்துப் பேர் இருக்கும். அந்தப் பத்துப் பேரும் டீச்சர் சொன்னா சரியா இருக்கும்னு நினைக்கிறவங்க.

அதுக்கு அடுத்த வாரம் படத்தைக் கையில எடுத்துக்கிட்டு இங்க வந்தேன். சண்டைக்குத்தான். இந்த நாற்காலி எல்லாம் காலியாக் கிடந்தது. முதல் தடவை வந்தப்ப நிக்க இடமில்ல. அன்னிக்கு ஒரு ஆள் இல்ல. பாத்தியா, ஊருக்கே தெரிஞ்சிருச்சு இவ வண்டவாளம்னு நினைச்சேன். எப்படித் தெரிஞ்சதுன்னு நான் யோசிக்கல.

உள்ள போனேன். பேச்சி மாஸ்க் இல்லாம உட்கார்ந்து ஏதோ படிச்சிட்டு இருந்தா. அப்பத்தான் அவ முகத்தை முழுசாப் பாக்கேன். இளைச்சிருந்தா. எந்திரிச்சு நின்னா. “வாங்க டீச்சர், கன்னம் வீங்கியிருக்கே”ன்னா. நான் படத்தை மேசை மேல போட்டேன்.

“இது என்ன?”

அவ எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பழைய படத்தையும் கம்ப்யூட்டர்ல எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தா. நான் அவ விரலையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்லுவா, தெரியாது டீச்சர், என் மேல தப்பில்ல டீச்சர், நீங்கதான் கேப் போடலன்னு. அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு வீட்டுலயே யோசிச்சு வச்சிருந்தேன்.

அவ திரும்பினா. “நாலாவது குழாய் ஒண்ணு இருக்கு டீச்சர். நான் தேடினேன், கிடைக்கல, இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னும் தேடியிருக்கணும். இல்லாட்டி அப்பவே மைக்ராஸ்கோப் இருக்கிற இடத்துக்கு அனுப்பியிருக்கணும். என் தப்பு.”

அவ்வளவுதான். வேற பேச்சு இல்ல. கேப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நானே கேட்டேன், “கேப் போடலன்னு சொல்லல?” “அதுவும் ஒரு காரணம்தான் டீச்சர். ஆனா கேப் போட்டிருந்தாலும் இது என்னிக்காவது வந்திருக்கும். முதல்ல என் பக்கத்தைச் சொல்லணும்ல.”

முப்பத்தோரு வருஷத்துல, நெருக்கிப் பிடிக்காம ஒருத்தி தானா வந்து என் தப்புன்னு சொல்லி நான் கேட்டதில்ல. ஒரு பிள்ளைகூட. அதனால சந்தேகம் இன்னும் கூடிச்சு. இவ்வளவு லேசா ஒத்துக்கிடுறான்னா, உள்ள இதைவிடப் பெருசா ஒண்ணை மறைக்கா. கேட்டுட்டேன்.

“பேச்சி, உண்மையைச் சொல்லு. அந்தக் கம்மல் விஷயத்துக்குத்தானே இப்படிப் பண்ணின?”

அவ புரியாம பாத்தா. “எந்தக் கம்மல்?” அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முகம் மாறிச்சு. “ஓ... அதுவா.” நாற்காலியில உட்கார்ந்தா. மேசையில இருந்த பேனாவைத் திறந்து மூடினா. பழி வாங்கினியாங்கிற கேள்விக்கு அவ பதிலே சொல்லல. அப்படி ஒரு கேள்வி அவ காதுல விழுந்த மாதிரியே தெரியல. தலையை நிமித்தி என்னைக் கேட்டா:

“அது கிடைச்சிருச்சா டீச்சர்?”

நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கீங்க?

“தெரியாது”ன்னேன்.

இந்த ஃபேன் காத்தே வரல. அந்த சுவிட்சைக் கொஞ்சம் கூட்டி வைங்கம்மா.

கிடைச்சிருச்சு. அந்தக் கம்மல் கிடைச்சிருச்சும்மா. அவ போன ரெண்டாவது மாசம், லீவுக்குப் பிள்ளைக எல்லாம் போனப்புறம், குளியலறைச் சாக்கடை அடைச்சுக்கிட்டுதுன்னு ஆள் வச்சுத் தோண்டினோம். முடியும் சோப்புமா ஒரு உருண்டை வந்தது. அதுக்குள்ள மின்னிச்சு. கழுவி, பேப்பர்ல மடிச்சு, ஹெப்சிபா அம்மா வந்தப்ப கொடுத்துட்டேன். எங்க இருந்துச்சுன்னு அவங்க கேட்டாங்க. கிடைச்சது வாங்கிக்கோங்கன்னேன். வேற யார்கிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? வார்டன் தப்புப் பண்ணிட்டான்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் எந்தப் பிள்ளை பயப்படும்? சங்கரன்கோவிலுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடணும்னு நினைச்சேன். அப்புறம் பள்ளிக்கூடம் திறந்துட்டாங்க.

அவ அப்பா போன வருஷம் தவறிட்டாராம். அன்னிக்கு அவளே சொன்னா. “அப்பா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க டீச்சர், அந்தக் கம்மலை யாரு எடுத்திருப்பான்னு. நான் எடுக்கலன்னு அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை.” சொல்லிட்டு சீட்டை எடுத்து மாத்திரை எழுதினா. எனக்கு மாத்திரை எழுதினா!

அப்புறம் அவளே மதுரையில ஒரு டாக்டர்கிட்ட பேசி நாள் வாங்கிட்டா. ரூட் கெனாலுக்குன்னே தனியாப் படிச்சவராம், மைக்ராஸ்கோப் வச்சுப் பாப்பாராம். போற அன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல பாக்கேன், பேச்சி நிக்கா. கிளினிக்கைப் பூட்டிட்டு வந்துட்டா, கூட வாரதுக்கு. எதுக்கு வாரா? மதுரை டாக்டர் என்கிட்ட தனியா எதையும் சொல்லிரக் கூடாதுன்னு காவலுக்கு வாராளா? அவர்கிட்ட முன்னாடியே பேசி வச்சிருக்காளா? வேண்டாம்னேன். “நான் விட்டது எங்க இருக்குன்னு நான் பாக்கணும் டீச்சர்”னா. அதையும் நான் நம்பல.

அங்க எதுத்தாப்புல ஒரு பெரிய திரை. என் பல்லு அதுல பானை வாய் அளவுக்குத் தெரியுது. அந்த டாக்டர் பழைய பசையெல்லாம் கரைச்சுக் கரைச்சு எடுத்தார். மணிக்கணக்கு ஆச்சு. ஒரு இடத்துல நிறுத்தி, “பேச்சியம்மாள், இங்க பாருங்க”ன்னார். சின்னக் கோடு. அந்தக் கோட்டோட ஓரத்துல ஒரு கருப்புப் புள்ளி. பேச்சி திரைக்குக் கிட்டப் போய் நின்னு பாத்தா. கண்ணைச் சிமிட்டாம பாத்தா. “இதுக்குப் பக்கத்துல வரைக்கும் போயிருக்கேன் சார்”னா. “ஆமா, அரை மில்லிமீட்டர்ல விட்டிருக்கீங்க. இந்த வேர் வளைஞ்சு போகுது, கண்ணால பாத்துப் பிடிக்கிறது கஷ்டம். இதுக்குள்ள இருக்கிற அழுக்குத்தான் இத்தனை நாளா கசிஞ்சு எலும்பை அரிச்சிருக்கு”ன்னார். அவ ஒரு நோட்டை எடுத்து வரைஞ்சுக்கிட்டா.

நான் ஊசியைத் தேடினேன். முழு நேரமும் அந்தத் திரையையே பாத்தேன். நாலு குழாயையும் காலி பண்ணினார், ஒண்ணுல கூட ஊசி இல்ல. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா. இருந்திருந்தா நான் சொன்னது சரியாப் போயிருக்கும்.

திரும்பி வாரப்ப பாதி முகம் மரத்துப் போய் இருந்தது எனக்கு. பேச்சி ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தா. அவ இளநீர் வாங்கி வச்சிருந்தா, ஸ்ட்ரா வேண்டாம் டீச்சர், மரத்த வாயில நிக்காதுன்னு டம்ளர்ல ஊத்திக் கொடுத்தா. விருதுநகர் தாண்டினதும் தூங்கிட்டா. தலை சரிஞ்சு சரிஞ்சு என் தோள்ல வந்து நின்னுச்சு. தட்டி எழுப்பணும்னு நினைச்சேன். எழுப்பல. நான் கூடத்துல நிக்க வச்சுத் துணியைக் கொட்டின பிள்ளை. என் தோள்ல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறா. எப்படித் தூக்கம் வருது அவளுக்கு? எனக்கு வரல. சாத்தூர் போச்சு, கோவில்பட்டி போச்சு, நான் அசையாம உட்கார்ந்திருந்தேன். தோள் கடுத்துப் போச்சு. கம்மல் கிடைச்சதைச் சொல்லிருவோம்னு நினைச்சேன். கயத்தாறு வரைக்கும் நினைச்சேன். வாய் மரத்திருக்கு, சொன்னாலும் குளறும், பொறவு சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டேன்.

அப்புறம் அவளே கேப் போட்டா. இந்தத் தடவை சொன்ன தேதிக்கு வந்தேன். ஒரு வருஷம் கழிச்சுப் படம் எடுத்துப் பாத்தாச்சு, அந்தக் கருப்பு போயிருச்சு, எலும்பு நிரம்பிருச்சு. அதனால நீங்க பயப்படாதீங்க. அவ குழாய் ஒண்ணைத் தேடினா இப்ப அது இல்லன்னு உறுதியாகுற வரைக்கும் விட மாட்டா. சந்தேகமா இருந்தா மதுரைக்கு அனுப்பிருவா. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். கேப் போடக் கூப்பிட்டா வந்துருங்க. கூப்பிடுறவ மேல சந்தேகப்படாதீங்க.

இன்னிக்கு எனக்கு வலியான்னு கேக்குறீங்களா? இல்லையே. பல்லு கல்லு மாதிரி இருக்கு.

பின்ன எதுக்கு வந்திருக்கேன்னா... சும்மா. வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ண? போன சனிக்கிழமையும் வந்தேன். அதுக்கு முந்தின சனிக்கிழமையும் வந்தேன். சீட்டு வாங்கிட்டு உட்காருவேன். என் முறை வரும்போது யாராவது உங்களை மாதிரி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. நீங்க போங்கம்மா, எனக்கு அவசரமில்லன்னு அனுப்பிருவேன். அப்படியே மணி ஆயிரும். எந்திரிச்சுப் போயிருவேன். அவ உள்ளேயே வேலையா இருப்பா, பாத்திருக்க மாட்டா.

பாத்திருப்பாளோ? அந்தக் கதவுக் கண்ணாடி வழியா இந்த வரிசை முழுக்கத் தெரியும். பாத்தும் கூப்பிடாம இருக்காளோ? நானா வரட்டும்னு இருக்காளோ?

கூப்பிடுறாங்க பாருங்க. என் நம்பர்தான். நீங்க போங்க. போங்கம்மா, உங்களுக்கு வலிக்குது, எனக்கு ஒண்ணுமில்ல. ஊசின்னு எதுவும் கேக்காதீங்க அவகிட்ட. அந்தப் பேச்சை எதுத்த வீட்டுக்காரிகிட்ட போய் நிறுத்திருங்க. ஜெபக்கனி டீச்சர் சொன்னது பொய், டீச்சரே சொன்னாங்கன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க.

நான் இங்க இருக்கேன்னு உள்ள சொல்ல வேண்டாம்.

இல்ல, நில்லுங்க.

சொல்லுங்க. வார்டன் டீச்சர் வெளிய உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்லுங்க. எல்லாரும் போனப்புறம் கூப்பிட்டாப் போதும், இன்னிக்கு எந்திரிச்சுப் போக மாட்டாங்கன்னு சொல்லுங்க. பல்லுக்காக வரலன்னு சொல்லுங்க.